தவறுகளை வாசிக்கும் வேலை

மதிப்பீட்டுக்கு நேரம் கேட்டு அழைக்கும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது குழந்தையின் நோட்டுகளை. ரேங்க் கார்டும் வரட்டும், ஆனால் அதிலிருந்து எனக்குத் தெரிய வருவது கொஞ்சம்தான். “போன வருஷத்து நோட்டு, இந்த வருஷத்து நோட்டு ரெண்டும் வேணும். முக்கியமா ரஃப் நோட்டும் டெஸ்ட் நோட்டும்” என்பேன். பல வீடுகளில் பழைய நோட்டுகள் மே மாதமே எடைக்குப் போயிருக்கும். மிஞ்சியதை ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்து வருவார்கள்.

கிளாஸ் ஒர்க் நோட்டு பெரும்பாலும் அழகாக இருக்கும், கரும்பலகையைப் பார்த்து எழுதியது. ஹோம் ஒர்க் நோட்டில் பாதிக்கு மேல் அம்மாவின் கை இருக்கும். டெஸ்ட் நோட்டில்தான் குழந்தை தனியாக நிற்கிறது. அங்கே ‘பள்ளிக்கூடம்’ என்பதை ஒரு பையன் ‘பளிகுடம்’ என்று எழுதியிருப்பான். சொல் அவன் காதில் விழுந்திருக்கிறது, எழுத்துகளும் தெரிகின்றன. சொல்லை ஒலி ஒலியாகப் பிரிக்கும்போது புள்ளி வைத்த மெய்யும் நெடிலும் நழுவுகின்றன. இன்னொரு பையன் ‘பல்லிக்கூடம்’ என்று எழுதியிருப்பான். அது லகர ளகரக் குழப்பம். பெரியவர்கள் பலருக்கே அது உண்டு, அதற்காக மட்டும் என்னிடம் வர வேண்டியதில்லை. மூன்றாவது குழந்தை ‘பகூம்’ என்று எழுதியிருக்கும். சொல்லின் நடுப்பகுதி எழுதி முடிப்பதற்குள் நினைவிலிருந்து போய்விட்டது. நான்காவது குழந்தை சரியாகவே எழுதியிருக்கும், ஆனால் தாளின் பின்பக்கம் வரை அழுத்தம் பதிந்திருக்கும், ஐந்து சொற்களுக்குப் பிறகு பக்கம் காலியாக இருக்கும். அதற்குச் சிக்கல் கையில். முதல் மூவருக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி, நான்காவதுக்கு ‘முடிக்கவில்லை’ என்ற குறிப்பு. வீட்டில் நால்வருக்கும் கிடைப்பது ஒரே திட்டு. இந்த நால்வரையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வதுதான் என் வேலை.

திருச்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்துவருகிறேன். முதலில் மருத்துவமனையில், இப்போது தில்லைநகரில் ஒரு சின்ன அறையில். பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர்ப் பக்கமிருந்து காலை பஸ் பிடித்து வருகிறவர்கள் அதிகம். வருகிறவர்கள் ‘ஐக்யூ டெஸ்ட்’ என்றுதான் கேட்கிறார்கள். ஐக்யூ அதில் ஒரு பகுதி மட்டுமே. குழந்தை எப்படி யோசிக்கிறது, பள்ளிப் பாடத்தில் உண்மையில் எந்த வகுப்பு நிலையில் நிற்கிறது, இரண்டுக்கும் இடையில் கவனமோ நினைவோ ஒலியுணர்வோ கையோ எங்கே தடுக்கிறது, மனதில் என்ன பயம் இருக்கிறது என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்ப்பதுதான் உளவியல்-கல்வி மதிப்பீடு. இரண்டு அல்லது மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்போல. ஒரே நாளில் முடித்து மாலையே அறிக்கை தருகிறோம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். சோதனை செய்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள், பதிவு எண்ணையும் கேளுங்கள். என்னிடமும் கேட்கலாம். கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

முதல் அமர்வுக்கு முன் கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைக்கு, சளி இருக்கும் வாரங்களில் பாதிச் சொற்கள் தேய்ந்தே கேட்கும். அந்தக் குழந்தையை ‘கவனமில்லாதவன்’ என்று எழுதிவிடுவது எளிது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பலகையைப் பக்கத்துப் பையனின் நோட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போட்டதும் அவர்களில் சிலருக்கு என் அறைக்குத் திரும்பி வரவே தேவை இருக்கவில்லை.

வீட்டில் குழந்தையிடம் என்ன சொல்லி அழைத்து வருவது என்றும் கேட்பார்கள். “டாக்டர்கிட்ட போறோம், ஒழுங்கா இல்லைன்னா ஊசி போட்ருவாங்க” என்று சொல்லி அழைத்து வந்த பிள்ளைகள் முதல் அரை மணி நேரம் என் மேசையின் இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். “பரிட்சை, நல்லா பண்ணு” என்பதும் வேண்டாம். “உனக்கு எது சுலபமா வருது, எது கஷ்டமா இருக்குன்னு ஒரு மிஸ் பார்ப்பாங்க. புதிர் இருக்கும், படம் இருக்கும், கொஞ்சம் படிக்கிறதும் இருக்கும்” என்றால் போதும், அது உண்மையும்கூட. முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், காலையில் சாப்பிட்டிருக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் தயங்காமல் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். சிலர் போனில், “என்ன கேள்வி கேட்பீங்க மேடம், கொஞ்சம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வரேன்” என்கிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் சோதனையின் கேள்விகளை நான் யாருக்கும் சொல்வதில்லை, இந்தக் கட்டுரையில் வரும் உதாரணங்களும் நானாக உண்டாக்கியவை. பழகிவிட்டு வந்த குழந்தைக்குக் கிடைக்கும் எண் அந்தக் குழந்தையுடையது அல்ல. அதனால் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு உதவி மறுக்கப்படவும் கூடும். ஐக்யூ சோதனையை ஓராண்டுக்குள் திரும்பச் செய்வதும் அதே காரணத்தால் வேண்டாத வேலை. வேறிடத்தில் ஏற்கெனவே செய்திருந்தால் மறைக்காமல் அந்த அறிக்கையையும் கொண்டு வாருங்கள்.

முதல் அமர்வு பெரும்பாலும் பெற்றோருடன். பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலைக்கு விளக்கொளியில் வைத்தார்களா, வலிப்பு வந்ததுண்டா, முதல் சொல் எப்போது, சொந்தத்தில் திருமணமா, வீட்டில் பேசுவது தமிழா தெலுங்கா சௌராஷ்டிரமா, எத்தனை பள்ளி மாறியது என்று வரிசையாகக் கேட்பேன். அம்மாதான் பதில் சொல்வார். அப்பா செல்போனையோ ஜன்னலையோ பார்த்துக்கொண்டிருப்பார். “நீங்க ஸ்கூல்ல எப்படி படிச்சீங்க?” என்று அவரிடம் கேட்கும்போது அறையில் சட்டென்று ஒரு மாற்றம் தெரியும். வாசிப்புக் குறைபாடு குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, அதனால் கேட்டே ஆக வேண்டும். பாட்டியும் கூட வந்திருந்தால் அவரே முந்திக்கொண்டு, “இவங்க அப்பனும் இப்படித்தாம்மா, எழுத்தே ஏறாது, ஆனா மோட்டார் பிரிச்சு மாட்டிருவான்” என்பார். அந்த அப்பா பத்தாம் வகுப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தவறி, அதற்காக அடி வாங்கி, பள்ளியை விட்டவராக இருப்பார். மகனை அதிகமாக அடிப்பவரும் பல வீடுகளில் அவராகவே இருப்பார். தன் வலி மகனுக்கு வந்துவிடக்கூடாது என்ற தவிப்பில்தான் கை நீளுகிறது. அதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுவேன். கோபப்பட்டவர் யாரும் இல்லை.

கொரோனா ஆண்டுகளைப் பற்றியும் தவறாமல் கேட்கிறேன். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் செல்போன் திரையிலேயே கழிந்த பிள்ளைகள் பலருக்கு எழுத்து சரியாகச் சொல்லித்தரப்படவே இல்லை. கற்பிக்கப்படாததைக் குறைபாடு என்று எழுதுவது பெரிய அநியாயம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் சில மாதம் முறையாகச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். சொல்லிக்கொடுத்ததும் கிடுகிடுவென்று ஏறினால் குறைபாடு இல்லை. நல்ல பயிற்சிக்குப் பிறகும் அதே இடத்தில் நின்றால் மதிப்பீட்டைத் தொடர்வோம்.

சோதனை அறைக்குள் பெற்றோருக்கு இடமில்லை. ‘சரி, தப்பு’ என்று நானே சொல்லக்கூடாத இடத்தில் அம்மாவின் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். மேசை, இரண்டு நாற்காலி, ஸ்டாப் வாட்ச், பென்சில். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

தன் தமிழ்ப் புத்தகத்தையே எடுத்து வந்திருந்தான். “இதுல உனக்குப் புடிச்ச பாடத்தைப் படிச்சுக் காட்டுடா கண்ணு” என்றேன். விரலை வைத்துக் கணீரென்று படித்தான். நிறுத்தக் குறிகளில் நிறுத்தினான், வசனங்களில் குரலை மாற்றினான். விரலைக் கவனித்தேன். வாய் நான்காவது வரியில் இருந்தபோது விரல் ஆறாவது வரியில் ஓடிக்கொண்டிருந்தது. பத்தி முடிந்து வாய் அடுத்த பத்திக்குப் போனபோது விரல் பக்கத்தின் கீழே படத்தின் மேல் போய் நின்றுவிட்டது. முழுப் பாடமும் மனப்பாடம். அம்மா இரவு இரவாகச் சொல்லிக்கொடுத்தது. நான்காம் வகுப்பு வரை அவன் இப்படியே வந்துவிட்டான் என்றால் அவனுடைய செவிவழி நினைவாற்றல் எவ்வளவு பெரிது, அதை எந்தப் பாரத்தைச் சுமக்கச் செலவழித்திருக்கிறான் என்று பாருங்கள்.

பிறகு அவன் பார்த்தே இராத ஒரு பத்தி கொடுத்தேன், இரண்டாம் வகுப்பு நிலையில் இருப்பது. முதல் வரியிலேயே ‘கொடி’ என்ற சொல்லில் நின்றான். தமிழ் எழுத்தின் அமைப்பை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். இடமிருந்து வலமாகப் போகிற கண்ணுக்கு முதலில் எதிர்ப்படுவது ஒற்றைக்கொம்பு, ஆனால் அதன் ஒலி ககரத்துக்குப் பிறகு வர வேண்டும். ககரத்தையும் தாண்டிப் போய்த் துணைக்கால் இருக்கிறதா என்று பார்த்தால்தான் அது ‘கெ’யா ‘கொ’வா என்று முடிவாகும். மூன்று துண்டுகளையும் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஒலியாக்க வேண்டும். பழகிய கண்ணுக்கு இது நொடியில் நடக்கிறது. அவன் ‘கெ’ என்றான், துணைக்காலைப் பார்த்ததும் ‘கெ… ஆ…’ என்றான், பிறகு என் முகத்தைப் பார்த்து ‘கெடி’ என்றான். ‘தேர்’ அவனுக்குத் ‘தெர்’. ‘மௌனம்’ என்பதில் ‘மௌ’வின் கடைசித் துண்டை ளகரமாகவே படித்தான். ஆங்கிலத்தில் பி, டி எழுத்துகளைத் திருப்பிப் போடுவதுதான் டிஸ்லெக்ஸியா என்று பலர் நினைக்கிறார்கள். 2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்துக்குப் பிறகு அந்த எண்ணம் இன்னும் பரவியது. அந்தப் படத்தால் எத்தனையோ குழந்தைகளுக்கு வழி திறந்தது, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் எழுத்தைத் திருப்பிப் போடுவது ஆறு, ஏழு வயது வரை பல குழந்தைகளிடம் இயல்பாகவே உண்டு. வாசிப்புக் குறைபாட்டின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை, ஒலிகளைப் பிரிப்பதிலும் எழுத்தோடு சேர்ப்பதிலும் இருக்கிறது.

அதை உறுதி செய்ய, பொருளே இல்லாத சொற்களைப் படிக்கச் சொல்வோம். ‘மிடுவம்’, ‘தகிலோ’ என்பதுபோல. இவற்றை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது, முன்பின் வரியை வைத்து ஊகிக்கவும் முடியாது. எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் பாதை திறந்திருக்கிறதா என்பது மட்டும் தெரியும். அவனுக்கு அது பாதி மூடியிருந்தது. ‘தகிலோ’வைத் ‘தக்காளி’ என்றான். தெரிந்த சொல் ஒன்றை இழுத்துப் போட்டு மூடுவது அவனுடைய பழக்கம். வகுப்பில் அறிவியல் கேள்வியைப் படிக்கும்போதும் அதைத்தான் செய்திருக்கிறான், அதனால் கேட்டது ஒன்று, எழுதிய பதில் வேறொன்று. பதிலுக்கு எதிரே ஆசிரியர் ‘கேள்வியைப் படி’ என்று எழுதியிருந்தார்.

வாய்ப்பாடு ராகத்தோடு வந்தது. ஏழாம் வாய்ப்பாடு முழுவதும் சொன்னான். ஏழும் ஐந்தும் எவ்வளவு என்றால் மேசைக்கு அடியில் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினான். எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னால் வரிசையாகச் சொல்வது நன்றாக வந்தது, பின்னாலிருந்து சொல்வது மூன்று எண்ணிலேயே சிக்கியது. வண்ணக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்கச் சொன்னபோது முதல் தடவையாக நாற்காலியின் நுனியிலிருந்து நகர்ந்து நன்றாக உட்கார்ந்தான். இரண்டு சொற்களுக்கு என்ன ஒற்றுமை என்ற கேள்விகளுக்கு அவன் சொன்ன விளக்கங்கள் வயதுக்கு மீறியவை. யோசிப்பதில் குறை இல்லை, எழுத்தில் மட்டும் கதவு அடைத்திருக்கிறது என்ற படம் எனக்கு அங்கே தெளிவானது.

ஒவ்வொரு பகுதியிலும் கேள்விகள் எளிதில் தொடங்கிக் கடினமாகிக்கொண்டே போகும். குழந்தை தொடர்ந்து சில கேள்விகளில் தவறும்போதுதான் அந்தப் பகுதியை நிறுத்துவோம். எவ்வளவு கெட்டிக்காரக் குழந்தையானாலும் ‘தெரியலை’ என்ற இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே வரும். வாசலில் காத்திருக்கும் அம்மா, “எல்லாத்துக்கும் பதில் சொன்னியா?” என்று கேட்பார். “நிறைய தெரியலம்மா” என்று அது சொல்லும், அவர் முகம் வாடிவிடும். அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். “பசிக்குதா?” என்று கேளுங்கள்.

பையன்கள் இப்படி மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே வந்துவிடுகிறார்கள், ஏனென்றால் பாடம் புரியாதபோது வகுப்பில் ரகளை செய்கிறார்கள், பள்ளி கூப்பிட்டுப் புகார் சொல்கிறது. பெண் குழந்தைகள் தாமதமாக வருகிறார்கள். நோட்டு சுத்தமாக இருக்கும், சத்தம் போடமாட்டார்கள், ‘அடக்கமான பொண்ணு, படிப்புதான் கொஞ்சம் வரலை’ என்று எட்டாம் வகுப்பு வரை தள்ளிவிடுவார்கள். அதற்குள் வயிற்றுவலியும் தலைவலியும் திங்கட்கிழமைகளில் வரத் தொடங்கியிருக்கும். அமைதியாக இருக்கிற பெண்ணைப் பற்றித்தான் நான் ஆசிரியர்களிடம் அதிகம் பேசுகிறேன்.

அடுத்தது எண்கள். 1904இல் பிரெஞ்சு அரசு அமைத்த குழு ஒன்றின் தேவைக்காக ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினார்கள். வகுப்பில் தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகள் யார் என்று கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று வரிசைப்படுத்த அது பிறக்கவில்லை. பினேயின் சோதனையை வி.வி. காமத் நம் நாட்டுக்கு மாற்றியமைத்தார். வெக்ஸ்லர் என்பவரின் ஐக்யூ சோதனையை நாக்பூரில் ஆர்தர் மாலின் இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றினார், அது 1969இல் வந்தது. நம் மருத்துவமனைகளில் இன்றும் இவ்விரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்துக் குழந்தைகளோடு ஒப்பிடும்போது இன்றைய குழந்தைக்கு எண் சற்றுக் கூடுதலாக வர வாய்ப்புண்டு. வெக்ஸ்லரின் புதிய இந்தியப் பதிப்புகள் விலை அதிகம், எல்லா இடத்திலும் இருப்பதில்லை. எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு என்பது அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஐக்யூவில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85க்கும் 115க்கும் இடையில் இருக்கிறார்கள். அறிக்கையில் சதமானம் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். 37ஆவது சதமானம் என்று பார்த்ததும் ஒரு அப்பா, “ஜஸ்ட் பாஸா மேடம்?” என்று கேட்டார். நம் ஊரில் 35 பாஸ் மார்க் அல்லவா, அவர் கேட்டதில் தவறே இல்லை. அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரில் சுமார் 37 பேரைத் தாண்டி நிற்கிறான் என்று அர்த்தம், ஐக்யூ கணக்கில் அது 95, முழுக்கச் சராசரி. பேச்சுப் பகுதியில் 115ம் வேகப் பகுதியில் 80ம் வாங்கிய குழந்தைக்கு இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொன்னால் அந்த எண் யாரையும் குறிப்பதில்லை. அதனால்தான் மொத்த எண்ணைக் கடைசியில் சொல்கிறேன், சில அறிக்கைகளில் அதன் மேல் சாய வேண்டாம் என்று எழுதியே விடுகிறேன்.

எண் 70க்குக் கீழே வந்தால் மட்டும் அறிவுசார் குறைபாடு என்று முடிவு செய்துவிட முடியாது. தானாகக் குளிக்கிறதா, ரோட்டைக் கடக்கிறதா, கடைக்குப் போய்ச் சொன்ன சாமானை வாங்கிச் சில்லறையை எண்ணி வாங்கி வருகிறதா என்று அன்றாட வாழ்க்கையை அளக்கும் பகுதி தனியாக உண்டு. அது இல்லாமல் அந்த முடிவு எழுதிய அறிக்கை கையில் கிடைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், திரும்பப் போய்க் கேளுங்கள்.

என்னை அதிகம் அலைக்கழிப்பது 70க்கும் 85க்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகள். எல்லாப் பாடத்திலும் மெதுவாக ஏறும், ஆனால் ஏறும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளை ஏற்றது, கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அதற்கான மதிப்பீட்டு நெறிமுறை 2018 ஜனவரியில் அரசிதழில் வந்தபோது, ஐக்யூ 85க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுக்கான நிம்ஹான்ஸ் சோதனைத் தொகுப்புக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அந்த விதியால் இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கமும் சான்றிதழ் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை என்றானது. ‘ஸ்லோ லேர்னர்’ என்று பள்ளி ஒரு பெயர் வைத்து, ஒன்பதாம் வகுப்பில் டி.சி.யைக் கையில் கொடுக்கப் பார்க்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளையை வெளியே அனுப்புவதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அறிக்கையில் அதிக இடம் ஒதுக்குகிறேன். எந்தப் பாடத்தை எவ்வளவு சிறு துண்டுகளாக்குவது, எதை இந்த ஆண்டு விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று.

சான்றிதழ் பற்றி ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். என்னைப் போன்றவர்கள் தரும் அறிக்கை சான்றிதழ் ஆகாது. தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு தரும் சான்றிதழ் வேண்டும். 2018 நெறிமுறையில் எட்டு வயது நிறைந்த பிறகே அது கிடைக்கும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று இருந்தது. நெறிமுறைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும்போது மாவட்ட மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு ஓடி வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு, அந்த அலைச்சல் வேண்டாம். சி.பி.எஸ்.இ. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது, நம் மாநிலத் தேர்வுத் துறையும் ஒரு மணி நேரம் தருகிறது. மொழிப்பாட விலக்கு கேட்கும்போது பெற்றோர் பெரும்பாலும் தமிழைத்தான் விடுகிறார்கள். ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டோடு ஒப்பிட்டால் தமிழில் விதி தெளிவு. வாசிப்புக் குறைபாடு உள்ள பல பிள்ளைகள் முதலில் நிமிர்ந்து படிக்கத் தொடங்குவது தமிழில்தான். அந்தத் துணையைப் பறித்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக்கூடக் கேட்டிருக்கிறேன். முடிவு அவர்களுடையது.

பலனைச் சொல்லும் நாளில் அப்பா அம்மா இருவரும் வர வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டுவிட்டு வீட்டில் போய்ச் சொன்னால் பாதி தொலைந்துவிடும். ஐன்ஸ்டீனுக்கும் இப்படித்தான் இருந்ததாம் என்று யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். நான் அதைச் சொல்வதில்லை. ஐன்ஸ்டீனாக வேண்டிய கடமை எந்தக் குழந்தைக்கும் இல்லை, நான்காம் வகுப்புப் பாடத்தை வலியில்லாமல் படிக்கும் உரிமை எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கிறது. டியூஷன் வைக்கட்டுமா என்று கேட்பார்கள். டியூஷனில் அதே பாடத்தை இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். இந்தப் பிள்ளைக்கு வேண்டியது சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர், வாரத்தில் மூன்று நான்கு நாள், ஒலியிலிருந்து தொடங்கி எழுத்துக்குப் போகும் பயிற்சி. சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கின்றன. அரசுப் பள்ளிகளில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். வட்டார வள மையத்தில் விசாரித்தால் உங்கள் பள்ளிக்கு எந்த நாளில் வருகிறார் என்று சொல்வார்கள்.

குழந்தைக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு அவனைப் பற்றிப் பேசிவிட்டு அனுப்பினால், தன்னிடம் ஏதோ பயங்கரமான நோய் இருப்பதாகவே அவன் நினைத்துக்கொள்வான். நான்காம் வகுப்புப் பையனிடம் அவன் அடுக்கிய கட்டைகளையும் சொன்ன விளக்கங்களையும் பற்றி முதலில் பேசினேன். பிறகு, “எழுத்தைப் பார்த்து சத்தமா மாத்துற வேலை உன் மூளைக்குக் கொஞ்சம் லேட்டா வருது. நீ சோம்பேறியா இருக்கிறதால இல்ல. அதுக்குன்னு தனியா சொல்லித்தர ஒரு மிஸ் இருக்காங்க” என்றேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: “இதை எங்க கிளாஸ் மிஸ்கிட்ட யாரு சொல்லுவா?”

சரியான கேள்வி. ஏழெட்டுப் பக்க அறிக்கையைத் தலைமையாசிரியர் அறையின் பீரோவிலிருந்து எடுத்து வந்து யாரும் வகுப்பில் படிப்பதில்லை. அதனால் பெற்றோரின் சம்மதத்தோடு வகுப்பாசிரியருக்குத் தமிழில் ஒரே பக்கக் கடிதம் எழுதித் தருகிறேன், எண்கள் எதுவும் இல்லாமல். அதில் இருப்பவை இவை: திடீரென்று எழுப்பி எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்ல வேண்டாம். வாசிக்க வைக்க விரும்பினால் முந்தின நாளே எந்தப் பத்தி என்று சொல்லிவிடுங்கள். கேள்வித்தாளை ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், வாய்மொழியாகக் கேட்டும் பாருங்கள். பலகையில் உள்ளது நீளமாக இருந்தால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கீழே என் தொலைபேசி எண்.

அழைக்கிறார்கள். மதிய இடைவேளையில், இல்லையென்றால் நான்கரை மணிக்குப் பள்ளி விட்ட பிறகு. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேப்பர் திருத்தி, வருகைப் பதிவை ஆப்பில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு குழந்தைக்காக அழைக்கிற ஆசிரியர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பையனின் ஆசிரியரும் அழைத்தார். கடிதத்தில் இருந்ததைப் பற்றி இரண்டு சந்தேகம் கேட்டார். பிறகு, “மேடம், இவனை மாதிரியே என் கிளாஸ்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க வீட்ல இதுக்கெல்லாம் கூட்டிட்டு வர வசதி இல்ல, மெடிக்கல் கேம்ப் எப்போன்னும் தெரியல. நான் என்ன பண்ணட்டும்?” என்றார். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை, எந்தப் பிரிவில் போய்க் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அதுவரை காத்திருக்க வேண்டாம், அவர்கள் இருவருக்கும் கேள்வித்தாளை நாளையிலிருந்தே வாசித்துக் காட்டுங்கள், அதற்கு என் அறிக்கையும் வேண்டாம், யாருடைய சான்றிதழும் வேண்டாம் என்றேன்.